இறங்க வேண்டிய தரிப்பில் இறங்குவது

கொழும்பில், காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் போய்க்கொண்டிருக்கிறது. வெள்ளவத்தைச் சந்தை வரப்போகிறது. இறங்க வேண்டியவர் எழும்பி நிற்கிறார், ஆனால் வாய் வரவில்லை. சிங்களத்தில் "மெதன பஹினவா", இங்கே இறங்குகிறேன். இரண்டே சொல். சொன்னால் உச்சரிப்புப் பிழைக்கும், கொண்டக்டர் திரும்பிப் பார்ப்பார், அவரோடு சேர்ந்து பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. வேறு யாராவது இறங்குவார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்க, பஸ் அடுத்த தரிப்புக்குப் போய்விடுகிறது. அங்கே இறங்கி, வெயிலில் திரும்பி நடக்கிறார். இதே ஆள் கந்தோரில் இருபது பேரின் சம்பளக் கணக்கைத் தனியாகப் பார்க்கிறவராக இருக்கலாம்.

இவரைத் "தன்னம்பிக்கை இல்லாத ஆள்" என்று சொல்லிவிடுவது வழக்கம். பிழையான முடிவு அது. இரத்த அழுத்தம் மாதிரி ஆளுக்கு ஓர் இலக்கமாகத் தன்னம்பிக்கையை அளக்க முடியாது. ஒரே ஆளிடம் கணக்குப் பார்ப்பதில் மலையளவு இருக்கும், பஸ்ஸில் வாய் திறப்பதில் கடுகளவும் இருக்காது. உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1977இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: நம்பிக்கை என்பது ஒரு குறிப்பிட்ட காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற எதிர்பார்ப்பு. அது நான்கு இடத்தில் இருந்து வருகிறது என்றார். நாமே செய்து பார்த்தது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்டது, மற்றவர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்து உடம்பின் நிலை. இந்த நான்கில் கனமானது முதலாவது. ஊக்க வார்த்தையின் பலம் சீக்கிரம் கரைந்துவிடும். நம் வீடுகளிலோ அதுதான் தாராளமாகக் கிடைக்கிறது. "உன்னால முடியும் பிள்ளை" என்று அம்மா சொல்வது அன்பு. பஸ்ஸில் அது உதவுவதில்லை.

கண்ணாடி முன் நின்று "நான் திறமைசாலி" என்று தினமும் சொல்லச் சொல்கிறவர்களும் உண்டு. கனடா ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், தம்மைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைக்கிறவர்கள் இப்படியான வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அதைச் சொல்லாதவர்களைவிட மனம் சோர்ந்தார்கள். காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். வசனத்தைச் சொன்னவுடன் மனம் அதைச் சரிபார்க்கத் தொடங்குகிறது. போன கிழமை சறுக்கியது, அதற்கு முந்திய மாதம் சறுக்கியது என்று எதிர்ச்சாட்சிகளை வரிசையாக நிறுத்துகிறது. சாட்சி இல்லாத வழக்கில் வக்கீல் எவ்வளவு சத்தமாகக் கதைத்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவே சாட்சி சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது.

கொப்பியும் படிகளும்

80 பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும் போதும். போனில் எழுதலாம்தான். ஆனால் போனைத் திறந்தால் முதலில் வட்ஸ்அப் வரும், பிறகு கொப்பி மறந்துபோகும்.

முதல் பக்கத்தில் எந்தக் காரியம் என்று எழுதுங்கள். ஒடுக்கமாக எழுத வேண்டும். "எனக்குச் சிங்களம் வராது" என்பது மிகவும் அகலம், அதில் எங்கே கால் வைப்பது என்று தெரியாது. "கடையில், பஸ்ஸில், கவுண்டரில் இரண்டு வசனம் சிங்களத்தில் கதைக்க வேண்டும்" என்பது வேலைக்கு ஆகும். பிறகு அந்தக் காரியத்தை எட்டு அல்லது பத்துப் படிகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஒரு பயப்புள்ளி போடுங்கள். வீட்டில் கட்டிலில் படுத்திருப்பது 0, நினைத்தாலே வயிறு கலங்குவது 100.

சிங்களத்துக்கு ஒருவரின் படிகள் இப்படி இருக்கலாம். பழக்கமான பலசரக்குக் கடையில் "கீயத?" என்று விலை கேட்பது 20. பஸ்ஸில் "இதுரு சல்லி" என்று மிச்சக் காசைக் கேட்டு வாங்குவது 35. கூட்டமில்லாத பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்வது 40. மீற்றர் இல்லாத த்ரீவீலரில் ஏற முன் கட்டணம் பேசுவது 45. அலுவலக நேரத்துக் கூட்டத்தில் அதே இறங்கும் வசனம் 55. மருந்துக் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று இரண்டாம் முறை கேட்பது 60. தொலைபேசியில் மின்சாரக் கட்டணப் பட்டியலைப் பற்றி முறையிடுவது 75. கந்தோர்க் கூட்டத்தில் ஒரு கேள்வி 85. அதே கூட்டத்தில் மூன்று நிமிடம் தொடர்ந்து விளக்குவது 95. நேரில் கதைப்பதைவிடத் தொலைபேசிக்குக் கூடிய புள்ளி வருவது பலருக்குப் புதிராக இருக்கும். எதிரில் இருப்பவரின் உதடும் கையும் தெரியாதபோது, பாதி விளங்கும் மொழி காற்பங்குதான் விளங்கும். அதனால் தொலைபேசியை மேற்படியில் வைப்பது சரியே.

அடுத்தடுத்த இரண்டு படிகளுக்கு இடையில் 20 புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால், நடுவில் இன்னொரு படி வையுங்கள். தொடங்குவது 30க்கும் 40க்கும் இடையில். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குவது: கொப்பி வாங்கிய உற்சாகத்தில் முதல் நாளே 75இல் ஏறி, நாக்குக் குழறி, கொப்பியை அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 20இல் சுகமாக இருந்துகொண்டு மூன்று மாதம் விலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு படியின் புள்ளி பாதியாகக் குறையும் வரை அதையே திரும்பச் செய்ய வேண்டும், குறைந்தவுடன் மேலே போக வேண்டும். கிழமைக்கு நாலைந்து தடவையாவது செய்யுங்கள். கிழமைக்கு ஒருமுறை செய்தால் ஒவ்வொரு முறையும் முதல்முறை போலவே இருக்கும்.

இடையில் விட்டு ஓடாமல் நிற்பது முக்கியம். பயம் முதல் நிமிடங்களில் ஏறும், நின்றால் தானாக இறங்கத் தொடங்கும். உச்சியில் இருக்கும்போது விலகிவிட்டால் மனம் படிக்கும் பாடம் "விலகியதால் தப்பினேன்" என்பதுதான், அடுத்த முறை இன்னும் கடினமாகும். பஸ்ஸில் ஒரு வசனம் சொல்வது ஐந்து செக்கனில் முடிந்துவிடுமே, எப்படி நின்று பழகுவது என்று கேட்கலாம். அங்கே எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஒரே மாலையில் மூன்று கடையில் விலை கேளுங்கள். புறக்கோட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் நுழைந்து வெளியே வருவதற்குள் பத்துத் தடவை கேட்கலாம். அங்கே விலை கேட்டு வாங்காமல் போகிறவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை.

இனிக் கொப்பியின் உயிரான பகுதி. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், அதை எத்தனை வீதம் நம்புகிறீர்கள் என்று எழுதுங்கள். வந்தபின் என்ன நடந்தது என்று எழுதுங்கள். "வெட்கமாக இருக்கும்" என்று எழுதினால் பயனில்லை, அதைச் சரிபார்க்க முடியாது. "கொண்டக்டர் சிரிப்பார், 80 வீதம்" என்று எழுதினால் சரிபார்க்கலாம். இருபது முயற்சி சேர்ந்தபின் ஒரேயடியாக வாசித்துப் பார்த்தால், 80 வீதம் என்று எழுதியவற்றில் எத்தனை நடந்தன என்று கண்ணுக்குத் தெரியும். சில நடந்திருக்கும். கொண்டக்டர் சில நாள் சிரிக்கத்தான் செய்வார். அதற்காக நாலாவதாக ஒரு நிரல்: சிரித்த பிறகு என்ன ஆனது, எத்தனை நிமிடத்தில் அது போனது? பலருக்கும் இந்த நிரல்தான் கடைசியில் பெரிய சாட்சியாக நிற்கிறது.

முட்டு

இவ்வளவும் செய்தும் புள்ளி இறங்காத ஆட்கள் இருக்கிறார்கள். கொப்பி நிறைய முயற்சி இருக்கும், பயம் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்போது தேட வேண்டியது முட்டுகளை. சரியப்போகும் சுவருக்குக் கொடுக்கிற முட்டு மாதிரி, பயத்தைத் தாங்க நாம் ஒளித்துக் கொடுக்கும் சின்னச் சின்னத் துணைகள்.

வங்கிக்குப் போகும்போது கதைப்பதற்கென்று மச்சாளைக் கூட்டிப்போவது ஒரு முட்டு. சொல்லப்போகும் வசனத்தை மனதுக்குள் பத்துத் தடவை ஓட்டுவது இன்னொன்று, அந்த ஓட்டத்தில் எதிராளி சொல்லும் பதில் காதில் விழாது. பிழை பிடிபடாதிருக்க மெல்லிய குரலில் சொல்வது, அவர் "ஆ?" என்று கேட்க, குரல் இன்னும் தாழ்வது. வராத அழைப்பு வந்ததுபோலப் போனைக் காதில் வைப்பது. நேரே அழைக்காமல் குரல்பதிவு அனுப்புவது. கூட்டத்தில் கதவோரக் கதிரை. வியர்வை தெரியாதிருக்கக் கொழும்பு வெக்கையில் கோட்டுப் போட்டு, அதனாலேயே தொப்பலாக நனைவது.

இவை இரண்டு விதத்தில் கெடுக்கின்றன. ஒன்று, பயந்த காரியத்தை இவையே நடத்திவைக்கும்: மெல்லிய குரலால்தான் எதிராளி திரும்பக் கேட்கிறார், கோட்டால்தான் வியர்க்கிறது. மற்றது, காரியம் நன்றாக முடிந்தாலும் பெயர் முட்டுக்குப் போய்விடும். "மச்சாள் இருந்தபடியால் முடிந்தது." கொப்பியில் உங்கள் பெயரில் ஒரு சாட்சியும் ஏறாது.

கழற்றுவதும் படிப்படியாகத்தான். ஒரே படியை ஒரு நாள் முட்டோடு செய்யுங்கள், மறுநாள் முட்டில்லாமல் செய்யுங்கள், இரண்டு புள்ளியையும் பக்கத்தில் எழுதுங்கள். முட்டில்லாத நாள் முதலில் சற்றுக் கூடத்தான் இருக்கும். மூன்றாவது, நாலாவது முறையில் அது கீழே போகும். ஒரே நேரத்தில் ஒரு முட்டைத்தான் எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் உருவினால் சுவர் விழுந்துவிடும்.

எது முட்டு, எது நியாயமான கருவி என்று குழப்பம் வரும். "பொட்டக் ஹெமின் கியன்ன", மெதுவாகச் சொல்லுங்கள், என்று கேட்பது முட்டாகாது. அது காரியத்தை முன்னே நகர்த்துகிறது. உங்களை ஒளிப்பது முட்டு. கொண்டக்டரை வயதுக்கேற்ப "மல்லி" (தம்பி) என்றோ "அய்யே" (அண்ணை) என்றோ அழைத்துவிட்டுச் சொல்வதும் கருவிதான். முதல் சொல் சத்தமாக வந்துவிட்டால் மற்றச் சொற்கள் அதன் பின்னால் இழுபட்டு வரும். தமிழ்க் கடையில் "அண்ணை" என்று தொடங்குவது போலத்தான்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக. பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பு செய்வது ஏறக்குறைய ஒன்றே: நெஞ்சு படபடக்கும், கை குளிரும். மேடைப் பேச்சை வைத்து 2014இல் வெளியான பரிசோதனையில், "அமைதியாக இருக்கிறேன்" என்று தமக்குச் சொன்னவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடக்கும் நெஞ்சை அமைதி என்று நம்பவைப்பதைவிட, அதற்கு வேறு பெயர் வைப்பது இலகு. நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது, இரண்டு மூன்று நிமிடம், காரியத்துக்கு முன்னால் செய்தால் நல்லது. காரியத்தின் நடுவில் எண்ணிக்கொண்டிருந்தால் அதுவும் முட்டாகிவிடும். நேர்முகத் தேர்வென்றால் 15 நிமிடம் முந்திப் போய் முகம் கழுவி, விசிறிக்குக் கீழ் இருங்கள். இந்த ஊரின் ஈரப்பதத்தில் பஸ்ஸால் இறங்கி நடந்து வருகிற எவருக்கும் வியர்க்கும், அதைப் பயத்தின் அடையாளம் என்று மனம் எடுத்துக்கொள்ள விடக்கூடாது. சாயம் கூடிய தேநீர் இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனாலும் கை நடுங்கலாம், அது பயமல்ல. இடுப்பில் கை வைத்து வீரனைப் போல நின்றால் உடம்பின் சுரப்புகளே மாறும் என்று ஒரு காலம் பேசினார்கள். பிறகு 2015இல் கூடிய ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த மாற்றம் வரவில்லை.

எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற கணக்கும் பெரும்பாலும் பிழை. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கூச்சம் தரும் படம் போட்ட ரீ‑சேட்டை அணிந்து அறைக்குள் போன மாணவர்கள், அங்கிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். கவனித்தவர்கள் காற்பங்குக்கு அண்மையில். பஸ்ஸில் இருப்பவர்கள் தத்தம் போனைத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒரு தயக்கத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. "பஸ்ஸில தமிழில சத்தமாக் கதைக்காத" என்று அப்பம்மாவோ அம்மாவோ சொன்ன வீடுகள் இந்த நகரத்தில் நிறைய உண்டு. 1983 ஜூலையைக் கண்டவர்களும், 2009 வரை சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்றவர்களும் சொன்ன சொல் அது. அதைத் தாழ்வு மனப்பான்மை என்று யாராவது வகுப்பெடுத்தால் அவருக்கு இந்த ஊர் தெரியாது. உண்மையான ஆபத்தில் கற்ற எச்சரிக்கை அது, கற்றவர்களை உயிரோடு வைத்திருந்தது. அடுத்த தலைமுறைக்கு இருக்கும் வேலை, அந்த எச்சரிக்கையை மதித்தபடியே, இன்றைய பஸ்ஸில் இன்றைய சாட்சி என்ன சொல்கிறது என்று பார்ப்பது. அதையும் கொப்பியில் ஒரு படியாக வைக்கலாம்: பஸ்ஸில் வரும் தொலைபேசி அழைப்பைத் தாழாத சாதாரணக் குரலில் தமிழில் கதைப்பது. கவுண்டரில் தமிழ்ப் படிவம் கேட்பது இன்னொரு படி. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி, ஆகவே அங்கே நீங்கள் சலுகை கேட்கவில்லை. "இல்லை" என்ற பதில் வரலாம். படியின் புள்ளி கேட்டதற்குத்தான், கிடைத்ததற்கு அல்ல.

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு சொல். "நீ கெட்டிக்காரன்" என்று ஆளைப் புகழ்ந்தால், அடுத்த முறை கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமோ என்று பிள்ளை கடினமான கணக்கைத் தொடாது. 1998இல் வெளிவந்த பரிசோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. "மூன்று வழியில முயற்சி செய்தனி, மூன்றாவது சரிவந்தது" என்று செய்ததைச் சொன்னால் அடுத்த கணக்கை எடுக்கும். உயர்தரப் பெறுபேறு வந்த நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றை விசாரிக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

பெரியவர்களுக்கும் இதே கதைதான். யாராவது வேலையைப் பாராட்டினால் "ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை" என்று வாய் தானாகச் சொல்கிறது. அடக்கம் என்று நினைக்கிறோம், நடப்பது சாட்சியைக் கிழித்துப் போடுவது. "நன்றி, ரெண்டு நாள் இருந்து செய்தனான்" என்று சொல்லிப் பழகுங்கள். பெருமையும் அடிக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

கொப்பியின் பின்பக்கம்

பள்ளிக்கூடத்தில் ஒரே கொப்பியைத் திருப்பிப் பின்னால் இருந்து வேறு பாடம் எழுதுவோமே, அப்படித் திருப்புங்கள். மகிழ்ச்சிக்கான கணக்கு அங்கே. இரண்டும் ஒரே கொப்பியில் இருப்பதற்குக் காரணம் உண்டு: தைரியம் வந்தபின் செய்வோம் என்று காத்திருப்பதும், மனநிலை சரியானபின் வெளியே போவோம் என்று காத்திருப்பதும் ஒரே தவறு. இரண்டிலும் செய்கைதான் முதலில் வருகிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்றே இந்த வரிசையில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஏழு நாளுக்கு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் என்ன செய்தீர்கள் என்று மூன்று சொல்லில் எழுதுங்கள். பக்கத்தில் 0 முதல் 10 வரை இரண்டு புள்ளி: எவ்வளவு இன்பமாக இருந்தது, செய்து முடித்த திருப்தி எவ்வளவு. இரவில் மொத்தமாக எழுத வேண்டாம், அப்போது அன்றைய களைப்பு எல்லாவற்றுக்கும் 3 போடும். காலைத் தேநீர், மத்தியானச் சாப்பாடு, படுக்கை என்று மூன்று தடவை எழுதினால் போதும்.

கிழமை முடிவில் பார்த்தால் சில எதிர்பாராத புள்ளிகள் இருக்கும். இரவு 10 மணி முதல் 12 வரை போனில் உருட்டியது "ஓய்வு" என்று நினைத்திருப்பீர்கள், இரண்டு நிரலிலும் 2 என்று இருக்கும். அலுமாரித் தட்டு ஒன்றைத் துடைத்து அடுக்கியதற்குத் திருப்தி 7 இருக்கும். நண்பருக்கு அழைத்த பத்து நிமிடம், அழைக்கமுன் அலுப்பாக இருந்தும், 8 இருக்கும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் ஏழு நாளும் எழுதியது. அடுத்த கிழமையில் நாளுக்கு இரண்டு காரியம் மட்டும் முன்கூட்டி எழுதுங்கள், ஒன்று இன்பத்துக்கு, ஒன்று திருப்திக்கு. ஐந்து வைத்தால் இரண்டாம் நாளே குலையும்.

"நேரம் கிடைத்தால் நடப்பேன்" என்று எழுதினால் நடக்காது. எது முடிந்தவுடன், எங்கே என்று எழுத வேண்டும்: "கந்தோர்ப் பையை வைத்தவுடன் மெரின் டிரைவுக்கு 15 நிமிட நடை." கொழும்பில் சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதும் அவ்வளவு மாறுவதில்லை. நவம்பரில் 5.50 அளவில், ஜூலையில் 6.30 தாண்டி. அதனால் ஒரே நேரத்தை ஆண்டு முழுவதும் வைத்திருக்கலாம், இது குளிர்நாட்டில் இருக்கும் உறவினர்களுக்குக் கிடைக்காத வசதி. வெள்ளவத்தையில் கடலுக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். காதில் பாட்டுக் கருவியோடு கடக்காதீர்கள், தண்டவாளத்தின் மேல் நடக்கவும் வேண்டாம், கடற்காற்றில் ரயில் சத்தம் கிட்ட வரும்வரை கேட்காது. காலிமுகத்திடல் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் முடிக்கப்பட்ட நடைபாதை அது, பெண்களும் பிள்ளைகளும் உலாவுவதற்கென்றே கல்லில் எழுதி வைத்தது. இஸ்ஸோ வடையும் உண்டு, ஆனால் அதற்காக மட்டும் போனால் நடை குறையும். கிழமைக்கு மொத்தம் 150 நிமிடம், வேக நடை போன்ற மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு. போக 15 நிமிடம், வர 15 நிமிடம் என்று சற்று வேகமாக நடந்தால் ஐந்து நாளில் அது நிரம்பிவிடும்.

21 நாளில் பழக்கம் பிடித்துவிடும் என்ற கதையை நம்பிக் கைவிட்டவர்கள் அநேகர். இலண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு காரியம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கும் காரியத்துக்கும் ஏற்ப 18 முதல் 254 நாள் வரை. ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அங்கே தெரிந்தது. தவறிய மறுநாள் செய்வதுதான் முக்கியம்.

இன்பப் புள்ளி போகப் போகக் குறைவதையும் காண்பீர்கள். புதுப் போன் முதல் கிழமை 9, மூன்றாம் மாதம் அது வெறும் போன். மனம் எதற்கும் பழகிவிடும் இயல்புடையது, நல்லதற்கும் கெட்டதற்கும். இதற்கு மருந்து இடைவெளியும் மாற்றமும். வெள்ளிக்கிழமைக் கொத்து ரொட்டி வெள்ளிக்கிழமைக்கே இருக்கட்டும், செவ்வாயும் வாங்கினால் இரண்டும் கெடும். நடைக்கு இரண்டு வழி வைத்து மாற்றுங்கள். நன்றிக் குறிப்பு எழுதுவதும் இப்படித்தான்: கிழமைக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை என்று ஒரு பரிசோதனை காட்டியது. கடமையாகிவிட்டால் வெறும் எழுத்துத்தான். எழுதுவதானால் "குடும்பத்துக்கு நன்றி" என்று பொதுவாக எழுதாமல், "மழையில் மேல்மாடி அன்ரி உடுப்பை எடுத்து வைத்தா" என்று எழுதுங்கள். இந்தக் குறிப்பைப் பெரிய மருந்து போல விற்கிறார்கள். அளவான பலன்தான், இலவசம் என்பதால் பரவாயில்லை.

மனிதர்கள் சம்பந்தப்பட்டவை மட்டும் அவ்வளவு சீக்கிரம் பழகிப்போவதில்லை. 2008இல் கனடாவில், காலையில் ஆட்களிடம் 5 அல்லது 20 டொலரைக் கொடுத்து, சிலரைத் தமக்கும் சிலரைப் பிறருக்கும் மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்குச் செலவழித்தவர்களே கூடிய மகிழ்ச்சியோடு இருந்தார்கள், 5 டொலரா 20 டொலரா என்பது வித்தியாசம் காட்டவில்லை. வெசாக் நாளில் தன்சலில், இலவசமாக உணவும் பானமும் கொடுக்கும் பந்தலில், வெயிலோடு நின்று குளிர்பானம் ஊற்றிக் கொடுக்கிற இளைஞர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதினமாக இராது. சிக்காக்கோவில் ரயிலில் பக்கத்து ஆளோடு கதைக்கச் சொன்ன ஆய்வும் (2014) இதே பக்கம்தான்: கதைத்தால் பயணம் கசக்கும் என்று எதிர்பார்த்தார்கள், கதைத்தவர்களுக்குப் பயணம் இனித்தது. இங்கே முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகின்றன. த்ரீவீலர்க்காரரிடம் மழையைப் பற்றிச் சிங்களத்தில் ஒரு வசனம், படியில் 45, இன்பத்தில் 6.

தனியாக இருப்பவர்களுக்கு, வீட்டுக்குள் வரும் நண்பர்களைத் தேடுவதைவிட, ஒரே இடத்துக்கு ஒரே நாளில் திரும்பத் திரும்பப் போவது பயன்படும். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமோ, விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்துப் பொது நூலகமோ, கோயிலோ, ஒரு மைதானமோ. முதல் மூன்று முறை யாரோடும் கதைக்காவிட்டாலும் பாதகமில்லை. நாலாம் முறை முகம் தெரிந்துவிடும், தலையசைப்பு தானாக வரும். அநேகமானோர் இரண்டாம் முறையோடு "அங்க ஒருத்தரும் கதைக்கினமில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் கொப்பி வாடகையைக் குறைக்காது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வருமானம் சுருங்கிய வீட்டில் இருக்கும் கவலை எண்ணக் கோளாறு அல்ல. அதற்குத் தேவை காசும் வேலையும், இன்பப் புள்ளியல்ல. அதுபோல, இரண்டு கிழமைக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் மனம் விழுந்து, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல், நித்திரையும் பசியும் மாறி, தன்னால் ஒரு பயனுமில்லை என்ற எண்ணம் வந்தால், தனியாகக் கொப்பியோடு போராடக் கூடாது. உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு கிழமை பார்த்திருக்க வேண்டாம். 1926 என்ற தொலைபேசி இலக்கம் தேசிய மனநல நிறுவகத்தினுடையது, உளவளத் துணைக்கு 1333உம் இருக்கிறது. சுமித்ராயோ என்ற தொண்டர் அமைப்பு 1974 முதல் பெயர் கேட்காமல் செவிமடுக்கிறது. அழைப்பது 80 புள்ளிப் படி என்று தோன்றினால், முதல் வசனத்தை மட்டும் தாளில் எழுதி வாசித்துவிடுங்கள். இந்த ஒரு இடத்தில் முட்டுக் கொடுக்கலாம்.

நாளைக்கே தொடங்குகிறவர்களுக்கு: காலை 8 மணி பஸ் வேண்டாம், நெரிசலில் கொண்டக்டருக்கு யார் சொன்னாலும் கேட்காது, அது உங்கள் குரலின் குறையென்று கொப்பியில் ஏறிவிடும். 10 மணிக்குப் பிறகு ஓடுகிற 100 அல்லது 101இல் ஏறி, நடுப்பகுதியில் நின்று, தரிப்புக்கு ஒரு நூறு மீற்றர் முன்னால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் இரண்டாம் முறை இன்னும் சத்தமாக. புள்ளியை வீட்டுக்கு வந்து போடாமல், இறங்கிய தரிப்பிலேயே நின்று போடுங்கள்.